நீர்பாய்ச்சி பங்கும் சடுகுடுக்காரனும்

பொன்னாத்தாளிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர்கள் அந்த ஊரில் குறைவு. குச்சனூருக்குக் கிழக்கே, வாய்க்கால் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊர் அது. போடிக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. புருஷன் காய்ச்சலில் போனபிறகு, அவன் பார்த்த நீர்பாய்ச்சி வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மடையைத் திறப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது, நண்டு வளையை அடைப்பது, கடைமடை வயல் காயாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. அதற்குக் கூலி கிடையாது. அறுவடையானதும் களத்தில் சாமிக்கு அளந்த கையோடு கொல்லர், தச்சர், வண்ணார், நீர்பாய்ச்சி என்று ஆளுக்கொரு பங்கு நெல் அளப்பார்கள். அந்தப் பங்கில்தான் அவளும் மகள் பவுனும் வருஷம் முழுக்கச் சோறு தின்றார்கள்.

அந்தப் பங்குக்கு ஆபத்து சடுகுடு ரூபத்தில் வந்தது.

அக்கரை ஊர்க்காரர்களிடம் இவர்கள் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட, "என்னப்பா, மூச்சு இருக்கா?" என்று அக்கரைக்காரன் கேட்பான். அப்போதுதான் கர்ணன் தலையெடுத்தான். ஏழைக் குடியானவன் மகன், மீசை அரும்பிய வயசு. அவன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்பமாட்டான். பங்குனிப் பொங்கல் ஆட்டத்தில் அக்கரைக்காரர்களை மண்ணைக் கவ்வ வைத்தான். ஊரே அழுதுகொண்டு சிரித்தது. ஒரு வருஷத்து வயிற்றெரிச்சல் ஒரு பொழுதில் ஆறுகிறதென்றால் அதற்கும் ஒரு விலை உண்டுதானே. அதை நான் மறுக்கவில்லை.

விலை பேச ஆளும் வந்தது. கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒருவர், "எங்க பக்கம் ஆடு, மாசச் சம்பளம் தாறேன்" என்று கர்ணனுக்குச் சொல்லியனுப்பினார். ஊர் கதிகலங்கிப் போனது. உடனே சாவடியில் கூட்டம் போட்டார்கள்.

அவனுக்கு ஏதாவது கொடுத்து நிறுத்த வேண்டும். ஆனால் களத்துப் பங்கில் சடுகுடுக்காரனுக்கு இடமில்லை. புதுப் பங்கு வைக்கவும் யாருக்கும் மனமில்லை, நெல் தன் குவியலிலிருந்தல்லவா போகும்! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நாட்டாமை குருசாமி தொண்டையைச் செருமினார்.

"நீர்பாய்ச்சி பங்கக் கர்ணன் பேருக்கு மாத்திருவோம். பொம்பளைக்கு எதுக்குக் களத்துப் பங்கு? பொன்னாத்தா தினக்கூலிக்கு மடையப் பாக்கட்டும்."

பொன்னாத்தாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள்.  அழவில்லை, முன்னால் வந்தாள்.

"நல்லாருக்குண்ணே. கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைக்கிறீக" என்றாள். "அப்படியே செய்யுங்க. ஆனா பங்கு யாருக்கோ மம்பட்டியும் அவுகளுக்குத்தான். காலங்காலமா அதான வழக்கம்? வேறொருத்தன் பங்குக்கு நான் மண்ணு வெட்டமாட்டேன்."

நேரே போய்த் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து கர்ணன் காலடியில் போட்டாள்.  பங்கு வாங்குபவன்தான் மடைச்சாமியைக் கும்பிட்டு முதல் வெட்டு வெட்ட வேண்டும் என்பது நாட்டாமையின் பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு. அதை மீறித் தண்ணீர் விட்டால் பயிர் விளங்காது என்று பயந்தார்கள். நடவுக் காலம் வேறு. மாற்றாள் கிடைக்கவில்லை. கர்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

பாவம், பையன் சோம்பேறி இல்லை. பகலில் வாய்க்கால், சாயங்காலம் ஆட்டப் பயிற்சி என்று ஓடினான். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்ற கதைதான். பத்து நாளில் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். முறைத் தண்ணீர் வேளை கெட்ட வேளையில் வரும், தூக்கமும் போயிற்று. பொன்னாத்தாள் அந்த நாட்களில் களையெடுக்கப் போனாள். வாய்க்கால் வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். போனால் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஆடிச் சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அன்றைக்கு அங்கேதான் அக்கரைக்காரர்களோடு மறு ஆட்டம். முதல் பாட்டிலேயே கர்ணன் கால் எரிச்சலில் தடுமாற, நாலு பேர் அமுக்கிவிட்டார்கள். ஆட்டம் போயிற்று. ஊர்க்காரர்கள் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தால், காலையில் அவன் அசந்து வரப்பில் கண்ணயர்ந்த நேரத்தில் கரை உடைந்து தண்ணீரெல்லாம் ஓடையில் போயிருந்தது. சில நாளாகவே தண்ணீர் சரியாக எட்டாத கடைமடையில் முருகம்மாளின் நடவு வயல் வெடித்துக் கிடந்தது. அவள் வயல் நடுவில் நின்று ஊரையே சபித்துக்கொண்டிருந்தாள்.

கர்ணன் நொண்டிக்கொண்டே பொன்னாத்தாள் வீட்டுக்கு வந்தான்.

"அத்தே, இந்தா ஒன் மம்பட்டி. என்னால ஏலல."

"பங்கு?"

"அதும் ஒனக்குத்தான். நானே சாவடியில சொல்றேன்."

"ஏலே, நீ குடுக்க அது ஒன் வீட்டுச் சொத்தா? ஊரு சொல்லணும்" என்று எரிந்து விழுந்தாள். விழுந்தாளே தவிர, முருகம்மாளின் நாற்று கண்ணுக்குள் நின்றது.  அவன் காலைப் பார்த்தாள். "மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அரைச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாவடிக்கு நடந்தாள்.

கர்ணன் கூடவே போய் எல்லார் முன்னாலும் சொன்னான்: "அத்த பங்கு எனக்கு வேணாம். அதத் தின்னா எனக்குச் செமிக்காது. ஆனா சும்மாவும் ஆடமுடியாது மாமா. எங்க வீட்லயும் ஒல கொதிக்கணும்ல?"

குருசாமி தலையைச் சொறிந்தார். பொன்னாத்தாள்தான் வழி சொன்னாள்.

"சோறு திங்கிறவன் தண்ணிக்குக் குடுக்கட்டும். ஆட்டம் பாக்கிறவன் ஆட்டத்துக்குக் குடுக்கட்டும். ஆடுற எடத்து எல்லையில துண்ட விரிச்சு வைங்க. எத்தன பேரு வாறான்! கைதட்டுறவன் கொஞ்சம் கையையும் நீட்டட்டுமே."

"அதுல ஒன்னவிட அவனுக்குக் கூட விழுந்தா?" என்று ஒருவன் வம்புக்குக் கேட்டான்.

"விழட்டுமே! அவன் காலுக்கு இன்னும் எத்தன வருசம்? எனக்கு மம்பட்டி கிழவியானாலும் கஞ்சி ஊத்தும். அவன் பெரியவனா நான் பெரியவளான்னு எதுக்குப் பேசணும்? என் கஞ்சி வட்டில்ல கை வைக்காம இருந்தாச் சரி."

 வயலிலிருந்து ஓடிவந்திருந்த முருகம்மாள், "மடையப் போய்த் தொறயேன் ஆத்தா!" என்று கத்தினாள். நாட்டாமை தலையாட்டியதும் பொன்னாத்தாள் மண்வெட்டியோடு ஓடினாள். பாதி நாற்று பிழைத்தது. ஐப்பசி அறுவடையில் நீர்பாய்ச்சி பங்கைப் பொன்னாத்தாளுக்கே அளந்தார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கை தாராளமாகவே விழுந்தது. ஊருக்கு வெட்கம் வந்தால் அது நெல் அளக்கும் மரக்காலில்தான் தெரியும்.

கர்ணன் கம்பத்துக்குப் போகவில்லை. புண் ஆறி, தைப்பொங்கலுக்கு மறுநாள் அக்கரைக்காரர்களோடு மறுபடி இறங்கினான். கூட்டம் சந்தையைத் தோற்கடித்தது. விரித்த துண்டில் காசும் நெல்லும் கம்புமாகக் குவிந்தன. ஒரு பொழுதில் விழுந்தது பொன்னாத்தாள் ஒரு போகம் முழுக்கச் சேற்றில் நின்று வாங்கியதைவிட அதிகம். அது நியாயமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் அதில் ஒரு மணிகூட யார் தட்டிலிருந்தும் பிடுங்கியதில்லை.

ஆட்டமே பார்த்தறியாத பொன்னாத்தாள் பவுனோடு முன்வரிசையில் நின்றிருந்தாள். கர்ணன் கடைசிப் பாட்டில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டபோது, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் குதித்தாள். அப்புறம் மடியிலிருந்து நெல்லை எடுத்தாள். அவள் பங்கு நெல். இரண்டு கையாலும் அள்ளித் துண்டில் போட்டாள்.

"என்ன ஆத்தா," என்றார் குருசாமி, "அன்னைக்கு வட்டில்ல கை வைக்கக்கூடாதுன்னு நின்ன. இன்னைக்கு அள்ளிப் போடுற?"

"அன்னைக்கு நீங்க எடுத்தீக. இன்னைக்கு நாங் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கை அள்ளினாள்.