விரியாத குண்டு

என் அக்கா புருல்சாவின் கணவர் தெமிர்குல் மச்சானுக்குப் பெருமை இரண்டே விஷயத்தில்தான். ஒன்று அவருடைய சாம்பல் குதிரை, இன்னொன்று அவருடைய கத்தி. நரின் ஊருக்கு மேலே எங்கள் மலைக்கு ஆர்கர் என்கிற காட்டுச் செம்மறிக் கிடா சுட வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர் வழிகாட்டி. நான் அதே முகாமில் சமையல். விருந்தாளி சுடுவான், கொம்பை எடுத்துக்கொண்டு போவான். கறி எங்களுக்கு. ஆனால் சுடுகிறவன் அல்லா பேரில் பிஸ்மி சொல்கிற ஆள் இல்லையே. கிடாவின் உயிர் போவதற்குள் ஒருவர் போய் பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் அது எங்கள் கொப்பரைக்கு ஆகும். இல்லையென்றால் ஹராம். அந்த ஓட்டம் எப்போதும் மச்சானுடையது. குண்டுக்கு முந்தி இவர் குதிரை போய் நிற்கும் என்று முகாமில் கேலி பண்ணுவோம்.

முன்பெல்லாம் பக்கத்தில் பதுங்கிப் போய்ச் சுட்டார்கள், சிரமமில்லை. இப்போது வருகிறவர்கள் எதிர்மலையில் படுத்துக்கொண்டு சுடுகிறார்கள். காற்றை அளக்க ஒரு கருவி, தூரத்தை அளக்க ஒரு கருவி. கிட்டப் போய்ச் சுட்டால் மானக்கேடு என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ தெரியவில்லை.

குண்டு என்றால் உடம்புக்குள் போனதும் விரிய வேண்டும். மூக்கு மழுங்கிப் பூப்போலப் பிரிந்தால் மிருகம் நின்ற இடத்திலேயே விழும். ரொம்பத் தூரம் போன குண்டில் அந்த வேகம் இருக்காது. விரியாமல் ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். கிடா கொஞ்சம் நடக்கும், படுக்கும். அதைத் தொந்தரவு பண்ணாமல் விட்டுவைத்தால் பிறகு மெதுவாகப் போய்ப் பிடிக்கலாம். விரட்டினால் உயிர் இருக்கிற வரைக்கும் ஓடும். இது முகாமில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

இது நடப்பதற்கு முந்தின வருஷம் மச்சானின் மகன் அதிலெத் மாஸ்கோவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். உடம்பை ஊருக்குக் கொண்டுவருவதற்குள் வீட்டிலிருந்த ஆடுகளும், இன்னொரு குதிரையும் விலைக்குப் போய்விட்டன. அவன் செத்து வருஷம் திரும்புகிற ஃபாத்திஹா நாள் நெருங்கியது. அன்றைக்கு ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடாவிட்டால் செத்தவனுக்குக் குறை வைத்ததாக ஆகிவிடும். கையில் மிச்சம் சாம்பல் குதிரை மட்டும்தான். எங்கள் பக்கம் குதிரையையும் அறுத்து விருந்து வைப்பது வழக்கம்தான், ஆனால் அதுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. சீசனின் கடைசிக் கிடா நல்லபடியாக விழுந்தால் கொப்பரை நிறைந்துவிடும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். மச்சான் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கடைசி வேட்டை அன்று நான் தேநீர்க் குடுவையோடு விருந்தாளியின் பக்கத்தில் படுத்திருந்தேன். பனி கட்டிப்போயிருந்தது. எதிர்ச்சரிவில் பெரிய கிடா ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கிட்டப் போகலாமே என்று மச்சான் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தார். விருந்தாளி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டான். மச்சான் குதிரையோடு மேட்டுக்குப் பின்னால் காத்து நின்றார்.

குண்டு போனது. நன்றாகப் பட்டால் சாக்கை அடித்த மாதிரி ஒரு சத்தம் திரும்பி வரும். அது வரவில்லை. கிடா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு அடி நடந்தது. குண்டு விரியவில்லை என்று புரிந்துவிட்டது. அதற்குள் சாம்பல் குதிரை பள்ளத்தில் பாய்ந்துவிட்டது. போகாதீங்க என்று கத்திப் பார்த்தேன், குரலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. குதிரையைக் கண்டதும் கிடா மிரண்டு முகட்டைத் தாண்டியது. மச்சானும் தாண்டினார். ஆள் குறுக்கே வந்ததால் விருந்தாளியால் மறுபடி சுடவும் முடியவில்லை.

முகாம் குதிரை ஒன்றில் ஏறித் தடம் பார்த்துக்கொண்டே போனேன். பனியில் எங்கேயோ ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் வெறும் குளம்புத் தடம். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பாறை மறைவில் அவர்களைக் கண்டேன். கிடா கிடந்தது. மச்சான் அதன் மூக்கில் கையை வைத்தபடி குந்தியிருந்தார். உடம்பில் சூடு இருந்தது, கண் மட்டும் மங்கிவிட்டது. விலாவில் குண்டு நுழைந்த ஓட்டையில் என் சுண்டுவிரல்கூட நுழையாது.

"அறுங்க மச்சான்," என்றேன். "சூடு இருக்குல்ல? யாருக்குத் தெரியப் போவுது? நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் கத்தியை உருவிக் கழுத்தில் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார்.

"அதிலெத்துக்கு வைக்கிற கறி, மாப்ள," என்றார். "வெரட்டாம இருந்திருந்தா அங்கேயே படுத்திருக்கும்."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"போய்ச் சேர்றதுக்குள்ள செத்துருமேன்னுதான்."

பிஸ்மி சொல்லி அறுக்கிற தன் கத்தியை உறையில் போட்டுவிட்டு என் சமையல் கத்தியைக் கேட்டு வாங்கித்தான் விருந்தாளிக்காகக் கொம்போடு தலையை அறுத்தெடுத்தார். கறி அத்தனையும் ஓநாய்க்கு விட்டோம்.

விருந்தாளிக்கு ஒரே குஷி. கொம்பைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான், எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மச்சானுக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தான். மச்சான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவன் முகத்தில் குழம்பை ஊற்றலாம் போல எனக்கு ஆத்திரம்.

வீட்டில் அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"உயிரோட இருந்துச்சா?"

"இல்ல," என்றார் மச்சான்.

அவள் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். அங்கே சாம்பல் குதிரை முளையில் கட்டிக் கிடந்தது.

ஃபாத்திஹா அன்று மச்சான்தான் பிஸ்மி சொல்லி அறுத்தார், தன் கத்தியாலேயே. குதிரை அவர் குரலைக் கேட்டு ஆடாமல் நின்றது. மகனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரே மெச்சியது. அவர் எல்லாருக்கும் கறி பங்கு வைத்தார், தான் தொடவில்லை. நான் தின்றேன், இலவசமாகவா வந்தது அந்தக் கறி?

குதிரை இல்லாத வழிகாட்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? அடுத்த சீசனில் சமையலுக்கு ஒத்தாசையாக என்னோடு வந்துவிட்டார். அதே விருந்தாளி மறுபடி வந்தான். எத்தனை தூரத்திலும் விரிகிற புதுக் குண்டு கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி ஒன்றை மச்சானிடம் காட்டினான். மச்சான் அதைப் புரட்டிப் பார்த்து, நல்லா இருக்கு என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று மதியம் மலையில் வெடிச்சத்தம் கேட்டது. பின்னாலேயே அந்தச் சாக்கு அடிக்கிற சத்தமும் தெளிவாக வந்தது. மச்சான் கையில் உருளைக்கிழங்கோடு விருட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டார். சாம்பல் குதிரையைக் கட்டுகிற முளை வெறுமனே நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கிழங்கு போதுமா மாப்ள?" என்றார்.