கிழக்கே பார்த்த ராஜா

எனக்கு இடது வலது தெரியாது. இன்றைக்கும் தெரியாது. யாராவது வலது பக்கம் திரும்பச் சொன்னால், சோறு அள்ளுகிற கை எது என்று ஒரு தரம் வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். அப்படிப்பட்ட நான் எழுபதுகளில் எங்கள் ஊருக்கு நாடக வாத்தியாராக இருந்தேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது.

எங்கள் ஊர் எருத்தேன்பதிக்குப் பக்கம். பாலக்காட்டில் ஒரு வாயனசாலையில், நம் ஊர் வாசகசாலை மாதிரி, நாடகப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, களை வெட்டுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் போனேன். எல்லாம் மலையாளம். பாதி புரிந்தது. புரியாத பாதியைத்தான் ஊருக்கு வந்து அதிகம் பேசினேன். பார்க்கிற ஜனத்துக்குப் பக்கத்தில் இருப்பது டவுன் ஸ்டேஜ். பின்னால் சீன் தொங்குகிற பக்கம் அப் ஸ்டேஜ். நடிகன் மறைந்து நிற்கிற ஓரம் விங். ஒருத்தன் பேசி முடிக்கிற கடைசி வார்த்தை அடுத்தவன் வாயைத் திறக்க அடையாளம், அது க்யூ. வலது இடது என்றால் நடிகனுக்கு வலது இடது, பார்க்கிறவனுக்கு அல்ல. இந்தக் கடைசி விதியில் எனக்குத் தலை சுற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு ராஜா நாடகம் போடுவதாக முடிவானது. ஒத்திகை எங்கள் கடலைக்காய்க் களத்தில், வேலை முடிந்து பொழுது சாய்வதற்குள். முதல் நாளே மந்திரி வேஷக்காரன் களத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்புன்னா மேடு, டவுனுன்னா பள்ளம். களம் மட்டமாத்தானுங்க கெடக்குது. இதுல மேடு எங்கீங்க?"

அதோடு ஆங்கிலம் ஒழிந்தது. வலது இடது என்று ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் எருதுக்குத்தான் இடம் வலம், மனுஷனுக்குத் திசைதான். பந்தியில் உட்கார்ந்தால்கூட "அந்தத் தெக்கால இருக்கற சொம்பை நவுத்து" என்பார்கள். எனக்கும் அதுதான் சௌகரியம். வண்டித்தடத்தில் ஜனம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, அது கிழக்கு. ஆகவே சட்டம் போட்டேன். வசனம் என்றால் கிழக்கே பார்த்து. வருவது வடக்கே இருந்து, போவது தெற்கே. ஒரே வாரத்தில் அத்தனை பேரும் பாத்தித் தண்ணீர் மாதிரி ஒழுங்காக ஓடினார்கள். நான் மீசையை முறுக்கினேன். அப்போது அது சரியாக முளைத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ராஜா வேஷம் என் பெரியப்பா மகனுக்கு. அண்ணனுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் காப்பியோடு சரி. இந்தத் தடவை கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு இடம் தகைந்து வந்தது. பெண்ணின் அப்பா, "நோம்பிக்கு வர்றேன், மாப்பிள்ளைய அங்கயே பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அரிதாரம் அப்புனா குழியெல்லாம் மூடிக்குமில்லடா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

"மூடிக்குமுங்கண்ணா. கண்ணாடியாட்டம் இருப்பீங்க."

"பாக்கட்டும். ஒருக்கா நல்ல மூஞ்சியாப் பாத்துட்டாருன்னா, அப்பறம் பக்கத்துல வந்து பாத்தாலும் மனசுல அதுதான நிக்கும்."

அதற்குத்தான் அவர் ராஜாவானார். ராஜாவின் பெரிய வசனத்தை ஏர் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தார்.

நோம்பியன்று காலையில் கோயில் மைதானத்தில், களத்தில் பழகியபடியே கிழக்கே பார்த்து மேடை போட்டோம். பண்ணாடி வந்தார். ஊர் நிலத்தில் முக்கால்வாசி அவருடையது. அண்ணன் ஏர் ஓட்டுவதும் அவர் தோட்டத்தில்தான். ராத்திரி கண் விழிக்க மாட்டார் என்பதால் சாயங்காலமே நாடகம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

"சாயங்காலம் பொழுது எம் மூஞ்சியிலயே அடிக்குமேடா. மேடையத் திருப்புங்க."

திருப்பினோம். பலகையைப் பிடித்து, தகர டிரம்மை உருட்டி, சீனை மறுபக்கம் கட்டி, மேற்கே பார்த்து நிறுத்தினோம். முன்னால் நின்று அதிகாரமாக மேஸ்திரி வேலை பார்த்தது நான்தான். மேடை திரும்பியதே தவிர என் மண்டை திரும்பவில்லை.

திரை தூக்கினார்கள். அண்ணன் கிரீடத்தோடு, சத்தியமாகக் கண்ணாடி மாதிரி முகத்தோடு, ஜனத்தைப் பார்த்து நின்றார். மேற்கு வெயில் கண்ணில் பளீரென்று அடித்தது. கண்ணைச் சுருக்கினார். வசனம் வரவில்லை. விங்கில் பிராம்ப்ட் சொல்ல உட்கார்ந்திருந்த எனக்குப் பதறியது. முதல் வரியைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் பழக்க தோஷத்தில், "கெழக்க பாருங்கண்ணா, கெழக்க!" என்றேன்.

சொன்ன சொல் தட்டாதவர். திரும்பினார். சீனில் எழுதியிருந்த அரண்மனைத் தூணைப் பார்த்துக் கணீரென்று பேச ஆரம்பித்தார். வடக்கே இருந்து வந்த மந்திரி, ராஜா எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் பார்க்க வேண்டும் என்று தானும் தூணைப் பார்த்துக் கும்பிட்டு நின்றான்.

மைதானம் வெடித்தது.

"ராசா, தூணுக்கு வரி போடறீங்களா?"

"மந்திரிக்கு வேட்டி கிழிஞ்சிருக்குதுங்கோ!"

அண்ணனுக்கு உறைத்தது. பாதி திரும்பினார். கன்னத்து அரிதாரம் ஒரு கணம் வெயிலில் மின்னியது. பண்ணாடி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து ஆட்டினார்.

"டேய், திரும்பாத! அப்புடியே பேசு. உம் மூஞ்சிக்கு முதுகு எவ்வளவோ தேவல!"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் இன்னொரு முறை தோளைத் திருப்பினார்.

"சொன்னது காதுல உழுகல?"

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. அண்ணன் தூணுக்கே திரும்பிவிட்டார். நாடகம் முழுக்க அப்படியே நடந்தது. ராஜா போருக்குப் போனார், மகனைப் பறிகொடுத்து அழுதார், எல்லாம் முதுகால். அழுகைக் கட்டத்தில் சிரிப்பு அதிகம். நான் விங்கிலிருந்து வரி வரியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், நடுநடுவே வாயைப் பொத்திக்கொண்டு. எனக்கும் சிரிப்பு வந்தது. விங்கில் இருந்த எனக்கு மட்டும்தான் அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது, அப்போதும் வந்தது.

பெண்ணின் அப்பா பாதியில் எழுந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது விங் வரைக்கும் கேட்டது.

"முதுகு நல்லாத்தான் இருக்குது. மூஞ்சியில என்னமோ இருக்குதாட்டம் இருக்குதுங்க, அதான் காட்ட மாட்டீங்கறாங்க."

அண்ணனுக்கும் கேட்டிருக்கும். வசனம் ஒரு இடத்தில் நின்று, பிறகு ஓடியது.

முடிந்ததும் சீனுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தை வழித்துக்கொண்டிருந்தார். வழிக்க வழிக்க ஒவ்வொரு தழும்பாக வெளியே வந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வாய் சும்மா இருக்குமா?

"முதுகுல நடிச்ச ராஜா உலகத்துலயே நீங்க ஒருத்தர்தானுங்கண்ணா."

அண்ணன் துணியை மடித்துக் காதுக்குப் பின்னால் துடைத்தார்.

"காத்தாலயே கிணத்துக்கடவு போறனுங்கண்ணா. அவரு ஊட்டுக்கே போயி, இது எந் தப்புன்னு நானே எடுத்துப் பேசறேன்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"நீ பேசுனது போதும்."