கொடியைக் காக்கும் குழு

அழிந்துவரும் ஒரு காட்டுக்கொடியை மீட்கத் திட்டம் போடும் குழுவில் என்னைச் சேர்த்தபோது, கல்லூரியில் எல்லோரும் கைகொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் தாவரவியல் நடத்துகிறவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், மாடித்தோட்டத்துத் தக்காளி ஏன் காய்க்கவில்லை என்று கேட்கத்தான். ஆகவே நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அந்தக் கொடி திருமுக்கூடல் போகிற வழியில் ஒரு பாறைக்குன்றின் சரிவில் இருந்தது. அக்கம்பக்கத்துக் குன்றுகளெல்லாம் ஜல்லியாகிப் போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம். மண்ணுக்குள் சின்னக் கிழங்காகக் கிடக்கும்; மழை பெய்ததும் முளைத்து, முட்புதருக்குள் நுழைந்து, அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். கூஜா மாதிரி ஒரு பூ, வாய் மேலே பார்த்தபடி இருக்கும். மாணவிகளோடு போனபோது பார்த்துவிட்டு, இப்படி ஒன்று இங்கே இருக்கிறது என்று நான்தான் அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பினேன். எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு பலமுறை தோன்றியிருக்கிறது.

முதல் கூட்டம் முழுவதும் பெயர் வைப்பதிலேயே போனது. கொடிக்கு லத்தீன் பெயர் இருந்தது, அதை யாராலும் சொல்ல முடியவில்லை. குழுவில் புரவலராக வந்திருந்த பட்டுக்கடை முதலாளி, காமாட்சிக் கொடி என்று வைக்கலாம் என்றார். அப்படியானால் ஏகாம்பரநாதரை விட்டுவிடுவதா என்று ஒருவர் கேட்டார். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தவர், எங்கள் பெருமாள் என்ன பாவம் செய்தார் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். டீயும் சமோசாவும் வந்தன. கடைசியில் எந்தச் சாமிக்கும் மனம் நோகாதபடி காஞ்சித் தீபக்கொடி என்று முடிவானது. கொடியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அடுத்தடுத்த கூட்டங்களில் கம்பி வேலி, அறிவிப்புப் பலகை, சிமெண்டு நடைபாதை, உட்கார்ந்து ரசிக்கப் பெஞ்சு என்று திட்டம் வளர்ந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள். செல்ஃபி எடுக்க ஒரு மேடை வேண்டும் என்றார்கள். நான் ஒவ்வொரு முறையும் எழுந்து, புதரைத் தொடாதீர்கள், புதர் இல்லாவிட்டால் கொடி இல்லை, மற்றதெல்லாம் பிறகு என்று சொன்னேன். தலைவராக இருந்த அதிகாரி தங்கமான மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். “மேடம் சொல்ற பாயிண்ட் ரொம்ப முக்கியம், நோட் பண்ணிக்கோங்க” என்பார். பக்கத்தில் இருப்பவர் நோட் பண்ணிக்கொள்வார். என் கருத்துகள் அளவுக்குப் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது அந்தத் திட்டத்தில் வேறொன்றும் இல்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்து வெறித்திருந்தது. பூத்திருக்கும் என்ற ஆசையில் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். குன்றின் கீழே ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்றால், அடுத்த புதரைப் பிடுங்குவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சரிவில் பாதிக்குமேல் ஏற்கெனவே மொட்டையடித்தாகிவிட்டது. புரட்டிப் போட்ட செம்மண்ணில் கொடிகள் அறுந்து கிடந்தன, சிலவற்றில் பூவோடு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மகரந்தத்துக்காகப் பூ பிடித்துவைத்திருந்த ஈ ஒன்று உள்ளே இன்னும் உயிரோடு இருந்தது.

மிச்சமிருந்த புதர்களுக்கு முன்னால் போய், குடையை விரித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வீரமெல்லாம் இல்லை, வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்தார்.

“யம்மா, அப்பால போய் உக்காருமா. கிளீன் பண்ணச் சொல்லிட்டாங்க.”

எதற்காகக் கிளீன் பண்ணுகிறார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

“ஏதோ செடி வைக்கப் போறாங்களாம்.”

அந்தச் செடி இதுதான் என்று, புதருக்குள் ஏறியிருந்த கொடியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கொடியைப் பார்த்தார், தான் புரட்டிப் போட்ட மண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அதான் இங்கயே இருக்குதேமா. அப்புறம் எதுக்கு எடுக்கச் சொன்னாங்க?”

குழுவில் அத்தனை மாதம் உட்கார்ந்திருந்தவள் நான். அதே கேள்வியைக் கேட்க அதிகாரிக்குப் போன் செய்தேன். நெடுநேரம் கழித்து எடுத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேடம், டென்ஷன் ஆகாதீங்க. கொடியை அப்படியே விட்டுட்டு, புதரை மட்டும் எடுக்கச் சொல்லிடறேன்” என்றார்.

சேலையை உடம்பிலேயே விட்டுவிட்டு நூலை மட்டும் உருவுகிறேன் என்பது போல இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில், ஓட்டுநர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சண்டை முடிகிறவரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் மண்ணைக் கிளறி, அகப்பட்ட கிழங்குகளையெல்லாம் முந்தானையில் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் புதர்களை யாரும் தொடவில்லை. கருணை என்று நினைத்துவிட வேண்டாம். வேலி போடுகிறவர்கள் வந்தார்கள். சுத்தமாயிருந்த இடத்தைச் சுற்றிக் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். கொடி வெளியே நின்றது. வெறும் மண்ணுக்குப் பலத்த பாதுகாப்பு கிடைத்தது.

திறப்பு விழாவுக்குக் கொடி வேண்டுமே? என் வீட்டு மொட்டைமாடியில் அந்தக் கிழங்குகளை நட்ட சில தொட்டிகள் இருப்பது எப்படியோ தெரிந்து, அதிகாரி நேரிலேயே வந்தார். பிள்ளையார்பாளையத்தின் குறுகலான தெருவில் அவருடைய ஜீப் நுழையாமல், பாதி வழி நடந்து வந்திருந்தார். ஒரே ஒரு தொட்டி, விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்றார். வாடகைக்கு விடுவதில்லை என்றேன். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். விழாவில் சிறப்பு விருந்தினர் ஒரு புங்கங்கன்றை நட்டார். மறுநாள் பேப்பரில், அரிய கொடியை நட்டார் என்று படத்தோடு வந்திருந்தது. புங்கன் மரம் என்பது படத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதே மாதம் பட்டுக்கடை முதலாளி தீபக்கொடிப் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். முந்தியில் ஜரிகையில் பூ பூவாக, எல்லாம் ஜிமிக்கி போல் தலைகீழாகத் தொங்கின. பூ மேலே பார்த்துத்தான் இருக்கும் என்று கடைக்கே போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“தொங்குனாதான்மா லட்சணமா இருக்குது. மேல பாத்துக்கினு இருந்தா கஸ்டமருக்குப் பிடிக்காது” என்றார். புடவை நன்றாக விற்றது.

அதிகாரிக்கு மாற்றல் வந்தது. கடைசிக் கூட்டத்தில், வெளியே நிற்கும் கொடிகளைப் பெயர்த்து வேலிக்குள் நடலாம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். நான் எழுந்து ஆட்சேபித்தேன். நோட் பண்ணிக்கொண்டார்கள். புதிதாக வந்தவர் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. கொடிக்கு அரசாங்கம் செய்த பேருதவி அதுதான்.

மறு வருஷம் முதல் மழை விழுந்ததும் தொட்டிகளை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன். என் கணவர் தறியை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தார். வழியெல்லாம் முணுமுணுத்தார். “ஊர்ல பொண்டாட்டிங்க ரோஜா வைப்பாங்க. நீ கிழங்கு நட்டுக்கினு இருக்கிற” என்றார். ஆனால் முள்ளுக்குள் கையை விட்டுக் குழி பறித்தது அவர்தான், தறிக்காரர் விரலைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல. வேலிக்கு வெளியே, பழைய புதர்களின் நிழலில், எல்லாவற்றையும் நட்டுவிட்டு வந்தோம்.

பாதி வரவில்லை. வந்தவற்றிலும் சிலதை ஏதோ தின்றுவிட்டது. மீதி ஏறியிருக்கிறது. கார்த்திகையில் போனபோது, ஒரு கொடியின் கணுவில் விரல் நுனியளவு மொட்டு ஒன்று இருந்தது. மழை தூற ஆரம்பித்தது. அது பூக்கிறவரைக்கும் உட்கார நேரமில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிட்டேன்.