ஓரடிக்கு ஓரங்குலம்

தம்பி மகன் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். தன் பையனுக்கென்று கொண்டுவந்த சாமான்களில் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தது. மேலே சிவப்பு லாரியின் படம். திறந்து பார்த்தால் உள்ளே லாரி இல்லை. லாரியின் கை, கால், மூக்கு, முழி எல்லாம் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பசை தடவி ஒட்டவேண்டியதுதான் பாக்கி. அந்தப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல் வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. தும்மலால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

என் அண்ணன் வண்டி செய்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு வாடை. ஈயம் உருகுகிற வாடை, அதோடு குங்கிலியம் புகைகிற வாடை. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் அவன் கணக்கெழுதினான். நான் அப்போதுதான் பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். சேலை நழுவாமல் கரும்பலகையில் எழுதுவதே எனக்குப் பெரும்பாடாக இருந்த காலம். ஊரில் மோட்டார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனைக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் குட்டி இருந்தது. டாக்டரின் கான்வாஸ் கூரைக் கார், கொப்பரை ஏற்றுகிற லாரி, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற பெரிய கார் எல்லாம் உண்டு. கல்யாணக் காருக்கு மட்டும் ஜவுளிக்கடைச் சரிகைத் துண்டுகளால் மாலை போட்டு வைத்திருந்தான்.

அம்மைக்கு இது பெரிய மனக்குறை. "கெட்டிக்கிட்டு பிள்ளைக்கு வண்டி செஞ்சு குடுக்க வேண்டிய வயசுல, தனக்கே செஞ்சுக்கிட்டு இருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து காட்டவும் செய்வாள்.

அண்ணனின் கணக்கு ஓரடிக்கு ஓரங்குலம். கடையிலிருந்து டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வருவான். வேதக்கோவில் ஆராதனை முடிந்து வாசலில் டாக்டரின் கார் நிற்கும்போது, சனமெல்லாம் அவரிடம் தோத்திரம் சொல்ல, இவன் காருக்கடியில் கிடப்பான். மறுமுனையைப் பிடிக்க நான். "ஏட்டி, இழுத்துப் பிடி, ஒனக்கு ரவிக்கைக்கா அளவெடுக்கேன்?" என்பான். எனக்கு மானம் போகும். ஆனாலும் பிடிப்பேன்.

கூண்டுக்குக் கனமில்லாத பாலைக்கட்டை. மூடிக்கு பிஸ்கட் டின் தகரம். அச்சுக்குக் குடைக்கம்பி, டயருக்குச் சைக்கிள் டியூப். கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயின் ரப்பர்தான் ஹாரன். எங்கள் வீட்டில் ஒரு குடையும் ஆயுசு முடிந்து செத்ததில்லை. மழைக்காலத்தில் தலையில் வாழையிலை பிடித்துப் பள்ளிக்கூடம் போன டீச்சர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யாராவது, "நெசம் மாதிரியே இருக்கே" என்றால் அவனுக்குக் கோபம் வரும். "மாதிரி என்ன மாதிரி? டேப்பு வெச்சுப் பாரும். அங்க ஒரு அடின்னா இங்க ஒரு அங்குலம்" என்பான். வாழ்க்கையில் அவன் கர்வப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

தங்கையா அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்ததும் இந்தப் பைத்தியத்தால்தான். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, இரணியல் வழியாகக் குளச்சலுக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர் அவர். தன் வண்டியையும் செய்யச் சொல்லிக் கேட்டு வந்தார். வாட்டசாட்டமான ஆள், பேச்சு மட்டும் கோவிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் கள்ளு குடித்தவர். அருளம்மையைக் கட்டிய நாளிலிருந்து தொட்டதில்லை. இரண்டும் ஊருக்குத் தெரியும்.

பஸ் செய்து முடித்தபோது தங்கையா அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தயங்கிக்கொண்டே, "நல்லா இருக்கு மக்கா. ஆனா எனக்க வண்டிக்கு எடது மட்காடுல ஒரு சொட்டை உண்டும்லா" என்றார். அண்ணனுக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. அவனுக்கேற்ற ஆள் அகப்பட்டுவிட்டார். அங்கேயே சின்னச் சுத்தியலை எடுத்து, அவர் விரல் வைத்த இடத்தில் தகரம் உள்ளே குழியும்படி தட்டினான்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் வந்து வராந்தாவில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே அந்த வாரத்துச் சேதி சொல்லுவார். வில்லுக்குறியில் மாட்டுவண்டி உரசியது. பின் கண்ணாடி கீறியது. படிக்கட்டுப் பலகை மாற்றியது. சொன்னதையெல்லாம் அண்ணன் அப்படியே சின்ன வண்டிக்கும் செய்வான். நல்ல தகரத்தை இத்தனை ஆசையாக நெளிக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை. "இது எனக்க வண்டிக்க தம்பில்லா. அண்ணனுக்குக் காய்ச்சல்னா தம்பிக்கும் காயணும்" என்று அவர் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற கம்பியில் விரிசல் விழுந்துவிட்டது, புதிது போடச் சொன்னால் முதலாளி கேட்கவில்லை என்றார். "கெட்டுக்கம்பிய வெச்சு சுத்திக் கெட்டி ஓட்டச் சொல்லுதாரு. வளைவுல திருப்புனா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுப்பா."

அண்ணன் சின்ன வண்டியைத் தயங்கித் தயங்கி எடுத்தான். "இதுலயும் வேணுமா அண்ணாச்சி?"

"கெட்டு மக்கா. உள்ளதுதான."

குடைக்கம்பியில் அரத்தால் ஒரு விரிசல் இட்டு, அதன்மேல் மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றினான். வண்டியை உருட்டினால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்குள் இரணியல் போகிற வழியில், குளத்தங்கரை வளைவில் பஸ் திரும்பாமல் நேரே போய்ச் சரிந்துவிட்டது. ஏறியிருந்தவர்கள் அடியோடும் காயத்தோடும் பிழைத்தார்கள். தங்கையா அண்ணாச்சி போய்விட்டார். பஸ்ஸைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்த கையோடு முதலாளி பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். டிரைவர் குடித்திருந்தான் என்று ஒரு பேச்சு முதலாளியின் ஷெட்டிலிருந்து கிளம்பியது. சவ அடக்கம் முடிவதற்குள் அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தும்விட்டது.

அருளம்மை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். "ஆளு போனது போச்சு தம்பி. எனக்க பிள்ளைய குடிகாரன் மவன்னு கூப்பிடுதாவ. அதத்தான் தாங்க முடியல. ஒங்ககிட்ட அந்தச் சின்ன வண்டி உண்டும்லா? அதுல கம்பி கெட்டியிருக்குன்னு அவிய சொன்னாவளே. அதக் கொண்டு மொதலாளிக்கிட்டக் காட்டுங்க."

துணியில் பொதிந்து, பிள்ளையைத் தூக்குவதுபோல அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டான். நானும் கூடப் போனேன். முதலாளி நல்ல மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார், சாயா வரவழைத்தார். பஸ்ஸை மேசைமேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஹாரனை அமுக்கினார். அண்ணன் முன்சக்கரத்தைத் திருப்பி, அந்தக் கட்டைக் காட்டினான்.

"கெட்டிக்காரன்தான் வேய் நீரு" என்றார் முதலாளி. "ஆனா இது ஒம்ம கையால செஞ்சதுல்லா? கம்பி கெட்டினதும் நீருதான? நாளைக்கி எனக்குக் கொம்பு வெச்சு ஒரு பொம்மை செய்வீரு. அதுக்காவ எனக்குக் கொம்பு உண்டுன்னு ஆயிருமா?"

"இல்ல மொதலாளி, எல்லாம் அளவெடுத்துச் செஞ்சது. வேணும்னா டேப்பு வெச்சு..." என்று தொடங்கிய அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். எதில் டேப்பு வைப்பது? பெரிய வண்டி எங்கே இருக்கிறது? இடுப்பிலிருந்த டேப்பை அவன் கை தொட்டுக்கொண்டிருந்தது. என் அண்ணனை அப்படி ஒரு நிலையில் நான் பார்த்திருக்க வேண்டாம்.

"இங்க இருக்கட்டு. போலீசு கேட்டா நானே காட்டுதேன்" என்றார் முதலாளி. நாங்கள் நம்பி வைத்துவிட்டு வந்தோம். நம்பாமல் வேறு என்ன செய்வது? அருளம்மையும் நம்பினாள். என்னாயிற்று என்று ஒவ்வொரு ஞாயிறும் கோவில் வாசலில் கேட்பாள். பிறகு, எங்களைச் சங்கடப்படுத்தவேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கிறிஸ்மஸ் விடுமுறையில் முதலாளியின் வீட்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். வாசலில் அவருடைய கடைசிப் பையன் ஒரு கயிற்றைக் கட்டி அந்த பஸ்ஸை இழுத்துக்கொண்டிருந்தான். பளபளவென்று புதிய பெயிண்ட். மட்காடில் சொட்டை இல்லை. கீறல் கண்ணாடி இல்லை. நான் குனிந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். செம்புக்கம்பிக் கட்டு போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ஈயத்தால் பற்றவைத்த புத்தம்புதிய பித்தளைக் கம்பி.

"முன்ன ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு டீச்சர்" என்றான் பையன். "அப்பா ஷெட்டுல சொல்லி, அன்னைக்கே சரியாக்கித் தந்தாவ."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் நினைப்பதுண்டு. அவன் ஆத்திரப்படவில்லை. "பத்தவெச்சது நல்லா பத்தவெச்சிருக்கானாட்டி?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பிறகு அவன் வண்டி எதுவும் செய்யவில்லை. அடுத்த வருஷமே கொழும்புக்கு வேலைக்குப் போனான், காய்ச்சலில் அங்கேயே அடங்கினான். அலமாரியில் இருந்த வண்டிகளை உப்புக்காற்று தின்றது. அருளம்மை பையனைக் கூட்டிக்கொண்டு முட்டத்துப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்குப் போனாள், அதற்குமேல் தகவல் இல்லை. அந்த முதலாளியின் ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு துணிக்கடை இருக்கிறது.

போன மாதம் ஒரு துக்கவீட்டுக்காக இரணியல் வரைக்கும் பஸ்ஸில் போனேன். ரோட்டை அகலமாக்கி நேராக்கியிருக்கிறார்கள். குளத்தில் பாதியைத் தூர்த்தாயிற்று, வளைவே இல்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் சின்ன வயசுக் கண்டக்டர் பையன் விசிலை ஊதி, "குடிகாரன் வளைவு எறங்கு" என்று கூவினான். இரண்டு பேர் இறங்கிப் போனார்கள்.