இருபதுக்கு முப்பது

பெங்களூரில் ஒரு மனையைப் பற்றிச் சொல்ல இரண்டு எண்கள் போதும். இருபதுக்கு முப்பது, முப்பதுக்கு நாற்பது என்றால் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். மூலை நேராக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

தாத்தா போன பிறகு ஜோகுபாளையத்து மனையைப் பெரியப்பா பாகம் பிரித்தார். தெருவை ஒட்டி, மூலைகள் நேராக இருந்த முன்பக்கம் அவருக்கு. பின்னால், சந்தோடு சேர்ந்து சாய்ந்து கிடந்தது அப்பாவுக்கு. அவரே டேப்பை இழுத்துக் காட்டினார்.

"பாத்துக்கடா தம்பி. எனக்கும் இருபதுக்கு முப்பது, உனக்கும் இருபதுக்கு முப்பது. ஆளுக்கு அறுநூறு அடி. நாளைக்கு எவனும் அண்ணன் ஏமாத்துனான்னு சொல்லக் கூடாது."

எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. சாய்ந்த கட்டத்தின் பரப்பளவுக்குச் சாய்ந்த பக்கத்தால் பெருக்கக் கூடாது, நேர் உயரத்தால் பெருக்க வேண்டும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. பெரியப்பாவின் தீப்பெட்டியிலிருந்து குச்சித் தட்டை உருவிவிட்டு, வெறும் கூட்டின் மூலையை அழுத்திச் சாய்த்தேன்.

"நாலு பக்கமும் அதே அளவுதான் பெரியப்பா. ஆனா உள்ள எடம் கொறையுது பாருங்க. எங்களுக்கு அறுநூறு வராது."

கதவோரம் நின்ற அம்மா நிமிர்ந்தாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்லயே, பொண்ண நல்லா ரெடி பண்ணித்தான் கூட்டினு வந்திருக்க."

அப்பா என் கையிலிருந்த கூட்டைப் பிடுங்கி நசுக்கினார். "கணக்கு தப்பு. பெரியவங்க பேசுற எடத்துல உனக்கு இன்னா வேல? உள்ள போ."

உள்ளே போய் அழுதபடி தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் குறைந்தே வந்தது. அப்பாவே சொல்லும்போது தப்பாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அதன் பிறகு கணக்கு வகுப்பில் நான் கை தூக்கவில்லை.

அந்த இடத்தில்தான் வீடு கட்டினோம். பீரோ மூலையில் ஒட்டவில்லை. பின்னால் முக்கோணமாக இடைவெளி விழுந்தது. அம்மா அதில் துடைப்பத்தைச் சொருகி வைத்தாள். கொத்தனார் சரியில்லை என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பெரியப்பா முன்பக்கத்தை விற்றுவிட்டுச் சந்தாபுராவில் வீடு கட்டிக்கொண்டு போனார். கிரகப்பிரவேசத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அப்பா பொங்கலுக்குப் பொங்கல் அவருக்குப் போன் போடுவார். மணி அடித்து ஓய்ந்துவிடும்.

அப்பாவுக்குக் கணக்கு தெரியாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னாள். "டேப்பு இழுக்குறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியும்டீ. எடம் போனா போவுது, அண்ணன் வேணும்னாரு."

பெரியப்பா காரியத்துக்கும் வரவில்லை.