இரண்டாம் பாய்லரின் கதவு

அருள்புரத்துச் சாயப்பட்டறையில் மூக்கையாவுக்கு பாய்லர் லைனிங் வேலை. உள்ளே எரியும் தீ இரும்பைத் தொடாதபடி செராமிக் பைபர் அட்டை பதிக்க வேண்டும். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து இருபது வருஷமாகிறது. நல்ல வேலைக்காரர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவன் நன்றாயிருந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. பாய்லர் ஓட்டுகிற நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

அவர் பதித்த முதல் பாய்லரின் கதவில் அட்டை பதினோரு மாதத்தில் வெடிப்பு விட்டு உதிர்ந்தது. அதே அட்டையை வைத்து, அவரோடு லைனிங் வேலை பார்க்கும் இளையவன் ஆரோக்கியராஜ் பதித்த இரண்டாம் பாய்லரின் கதவோ இரண்டு வருஷம் தாண்டியும் அப்படியே நின்றது. அது மூன்று வருஷம் தாங்கிவிட்டால், புதிதாக வரும் பெரிய பாய்லர் முழுதும் ஆரோக்கியராஜுக்குத்தான் என்று மேனேஜர் சிவசுப்பிரமணியம் சொல்லிவிட்டார்.

"ஆயிரம் டிகிரியில எத்தன நாளைக்குத் தாங்குதுன்னு நானும் பாக்கேன்" என்று மூக்கையா கறுவினார்.

பாய்லரை நிறுத்தி ஆறவைக்கும் போதெல்லாம் முதல் ஆளாகப் போய் அந்தக் கதவைத் திறப்பார். வலது ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்துவார். "இன்னும் கெட்டியாத்தான் இருக்கு" என்பார், துக்கச் செய்தி சொல்கிற குரலில். வருஷக்கணக்கில் வெந்த அட்டை அப்பளமாகிவிடும். சும்மா விட்டால் நிற்கும், தொட்டால் உதிரும். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு ஒரு மாதம் பாக்கி இருக்கையில், கதவின் வெளிப்பக்கம் வலது ஓரத்தில் பெயிண்ட் கருகியது. நிறுத்தித் திறந்தோம். மற்ற இடமெல்லாம் முழுசாக இருந்தது. வலது ஓரத்தில் மட்டும் வரிசையாகக் குழிகள், அவற்றின் நடுவே இரும்பு தெரிந்தது. ஆரோக்கியராஜ் குனிந்து ஒரு குழிமேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். பிறகு மூக்கையாவை நிமிர்ந்து பார்த்தான். அவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, என்னங்க ஆச்சு?" என்றார் மேனேஜர்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆரோக்கியராஜ் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டுத் தானே பதில் சொன்னான்.

"மூணு வருஷம் தாங்காது போலருக்கு சார். புது பாய்லர மூக்கையாண்ணனே பாக்கட்டும்."

மேனேஜர் சரியென்று போய்விட்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே, இனியாவது முகம் தெளியும் என்று நினைத்தேன். மூக்கையா என்னை ஓரமாக இழுத்தார். கண் சிவந்திருந்தது.

"பாத்தியா, பெரிய மனுசங்கற பேரையும் அவனே வாங்கிட்டுப் போறான்."