மூன்றாவது ஜிமிக்கி

மாலையில் வரவேற்பு. மதியம் வரை பொறுக்காமல் மணப்பெண்ணே கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டாள், கூடவே அவள் அம்மா. பெண்ணின் உள்ளங்கையில் ஒரு ஜிமிக்கி முழுதாக, இன்னொன்று துண்டு துண்டாக.

லேத், விசைத்தறி, ஓட்டல் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, சுடுமண் நகை செய்யும் அந்தப் பட்டறையில் நான் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. முதலாளியம்மா கண்காட்சிக்காக வெளியூர் போயிருந்தார்.

“இதே மாதிரி ஒண்ணே ஒண்ணு செஞ்சுகுடுங்கண்ணா,” என்றாள்.

“ஆகாதுங்க அம்மணி. மண்ணு காயவே ரெண்டு நாளாகும். அதுக்கப்பறந்தான் சூளை. அப்பவும் ஜோடி சேராது.”

காய்ந்தால் மண் சுருங்கும், சுட்டால் இன்னும் சுருங்கும். சிவப்பும் சூளைக்குச் சூளை மாறும். அதனால்தான் ஒரு ஜோடியை ஒரே உருண்டை மண்ணில் செய்து, ஒன்றாகச் சுடுகிறோம்.

“நாந்தான் அப்பவே சொன்னேனுங்க,” என்றார் அம்மா. “பையன் ஊட்டுல மண்ணுச்சட்டி நகைன்னு சிரிக்கறாங்க. பேசாம வாடகைக் கவரிங்கையே போட்டுக்க கண்ணு.”

“கவரிங் போட்டா காது புண்ணாகிப்போகுதும்மா. இதைத்தான் போடுவேன்னு எல்லார்கிட்டயும் சண்டை கட்டியிருக்கறேன்.”

துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. பிறகு அவளுடைய கழுத்து மாலையை வாங்கி மேசையில் விரித்தேன். பதக்கத்துக்கு இருபுறமும் குட்டி மயில்கள். அதே மண், அதே சூளை. ஓரத்து மயில்கள் இரண்டைக் கழற்றி, ஜிமிக்கிகளின் வெள்ளிக் கொக்கிகளையே அவற்றில் மாட்டினேன். மாலையை மறுபடி கோத்தேன்.

கண்ணாடி முன் தலையை ஆட்டிப் பார்த்தாள். “ஜிமிக்கி மாதிரி கனமே இல்லீங்கண்ணா!”

“மாலை கழுத்தை இறுக்குதே,” என்றார் அம்மா.

“கெடக்குதும்மா. இன்னைக்குச் சோறு கொஞ்சமாத் தின்னுக்கறேன்.”

அதன்பின் எந்த செட் செய்தாலும், ஒரே உருண்டையில் மூன்று ஜிமிக்கி செய்கிறேன்; ஒன்று உடைந்தால் வந்து வாங்கிக்கொள்ள மூன்றாவது டப்பாவில் இருக்கும். “உங்க ஊர்ல மூணு காதுங்களா?” என்று முதலாளியம்மா கேட்டார். இப்போது கேட்பதில்லை.

தொழில் பழக வருகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். மண் உடையும். உடையப்போவதையும் சேர்த்தே செய்யுங்கள்.

மூன்றாவதைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. உடைந்தால் முழு செட்டையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டப்பாக்களில் ஒற்றை ஜிமிக்கிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சாயங்காலமானால் முதுகு நிமிர மறுக்கிறது; இரண்டோடு எழுந்துவிடலாம் என்றுதான் தோன்றும். மீதி மண்ணை உருட்ட ஆரம்பிக்கிறேன்.